பதினான்காவது வரி

மார்ச். பூஜ்யத்துக்குக் கீழே பதினொன்று.
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருகிறாள் கார்லீன் ஹவ்கன்,
பின்னால் நான்கு பிள்ளைகள், கையில் ஒரு பூட்ஸ் பெட்டி.
பெட்டி நிறைய ரசீது.

பள்ளிக்கூட நேரம்தான். ஆனால் இவர்களுக்குப்
பள்ளிக்கூடம் என்பது அம்மா போகிற இடம்.
இன்று அது வடக்கு டகோட்டாவில், தானியக் கிடங்குக்கு எதிரே,
வரிப் படிவம் நிரப்பித்தரும் என் ஒற்றை அறை.

போன வசந்தத்தில் மூன்று வாக்கு வித்தியாசத்தில்
பிழைத்துக்கொண்ட சட்டம் சொல்கிறது:
வீட்டில் படிக்கும் பிள்ளைக்குத் தலைக்கு அறுநூறு டாலர் வரை
செலவைக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம்.
ஆனால் அந்தச் செலவு
‘முழுக்க முழுக்கக் கல்விக்கே’ ஆனதாக இருக்க வேண்டும்.
இதை எழுதியவர் ரொட்டி சுட்டதே இல்லை போலும்.

ஏனென்றால் முதல் ரசீது மாவு, இருபத்தைந்து பவுண்டு.
“பின்னம்,” என்கிறாள் கார்லீன்.
“முக்கால் கப்பை மூன்றாகப் பிரித்தோம்.”
பிறகு?
“பிறகு தின்றோம்.”

நான் அரசுப் பள்ளியில் படித்தவள்.
எனக்குப் பின்னம் என்றால் கரும்பலகையில் வரைந்த கேக்.
யாரும் ஒரு துண்டும் தரவில்லை.
மாவை அடிக்கிறேன்.

வயலின் தந்தி, சரி. பழைய நுண்ணோக்கி, சரி.
புரோப்பேன் வாயு?
“விரல் விறைத்தால் எழுத வராது,” என்கிறான் மூத்தவன் சோரன்.
உண்மைதான். அதையும் அடிக்கிறேன்.
நூலகத்துக்குக் கட்டிய தாமதக் கட்டணம், நான்கு டாலர் இருபது.
அபராதம் கல்வியாகாது என்கிறேன்.
“ஆகும்,” என்கிறாள், பிள்ளைகளைப் பார்த்து.

நேற்று இதே நாற்காலியில் லைல் ராஸ்முசன்.
ஏழு பிள்ளைகள், ஏழும் வீட்டில்தான் படிக்கின்றன.
பிஸ்மார்க் வரை நூற்றைம்பது மைல் ஓட்டிப்போய்
மசோதாவை எதிர்த்துப் பேசியவர்.
இரண்டு நிமிடம் கொடுத்தார்களாம்.
“தூண்டிலில் தொங்குவதும் புழுதான்” என்று சொல்லி
மீதி நேரத்தை அவர்களுக்கே விட்டு உட்கார்ந்தாராம்.
பதினான்காவது வரி காலியாக இருக்கிறதா என்று
கண்ணாடி மாட்டி இருமுறை பார்த்தார்.
நாலாயிரத்து இருநூறு டாலரை அப்படியே விட்டுவிட்டு
என் கூலியில் பத்து டாலர் குறைக்கச் சொன்னார்.

கார்லீனிடம் சொன்னேன்.
“லைலுக்கு நிலம் இருக்கிறது,” என்றாள்.
“எனக்குப் புழுவும் ஆகும்.”

அடியில் ஒரு ரசீது, நாலாக மடித்தது:
ஆடு ஒன்று, நூற்று நாற்பது டாலர்.
உயிரியல் என்று வாதாடலாம். வாதாடத் தயாராகத்தான் இருந்தேன்.
திருப்பினால் பென்சில் படம்.
நான்கு இரைப்பைகள், நான்கிற்கும் பெயர்,
முதலாவதிலிருந்து மேல்நோக்கி ஓர் அம்பு,
கீழே சாய்ந்த எழுத்தில்:
ஜூனிபர் இங்கே அடைத்துக்கொண்டு செத்துப்போனாள்.

“அசல் ரசீதை அனுப்ப வேண்டும்,” என்றேன்.
“திரும்பி வருமா?” ஒன்பது வயது மாரன் கேட்டாள்.
“வராது. ஸ்கேன் செய்து வைத்துக்கொள்வார்கள்.”
“இரண்டு பக்கமுமா?”

படிவத்தின் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன்.
முப்பத்தோரு பக்கம்.
அதற்குள் கார்லீன் ரசீதை மடித்துக்
கோட்டின் உள்பைக்குள் வைத்துவிட்டாள்.
“ஆட்டை எடுத்துவிட்டுக் கூட்டுங்கள்.”
என் இயந்திரம் முனகி முடிக்கும் முன்பே
சோரன் சொல்லிவிட்டான்:
முந்நூற்றுப் பதினொன்று ஐம்பது.

கையெழுத்துப் போட்டாள். போனார்கள்.

வேன் கிளம்பவில்லை.
எலிவேட்டர்காரரின் டிரக் மூக்கோடு மூக்கு வந்து நிற்க,
ஜன்னலில் என் மூச்சைத் துடைத்துப் பார்க்கிறேன்.
தூக்கிய மூடியின் கீழ் நான்கு கம்பளித் தொப்பிகள்,
நடுவில் கார்லீன், ஒரு கையில் சிவப்புக் கவ்வி, மறு கையில் கறுப்பு.
ஏதோ கேட்கிறாள். காத்திருக்கிறாள்.
கடைக்குட்டி யோசித்து, கையுறை விரலால்
ஒரு முனையைக் காட்டுகிறது.

அந்த கேபிளுக்கும் எங்கோ ஒரு ரசீது இருக்கும்.